கேட்டிய, சொல்லுதேன்: யுனிவர்சிட்டில ஒரு தகவல் தொடர்பு மையம்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, நம்ம பக்கத்துல ஒரு யுனிவர்சிட்டி தகவல் தொடர்புக்குன்னு ஒரு மையம் வச்சு ஆராய்ச்சி, பயிற்சி, பொதுச்சேவை மூணையும் சேத்து நடத்தினா கொள்ளாம்னு சும்மா ரெண்டு வரி எழுதி வச்சேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்சப்பும் ஒரு கட்டு இருக்கு. சினிமா கேள்வி, ஜோசியக் கேள்வி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இந்த மாசம் முழுக்க இதுதான். பாதிப்பேரு பேரு போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டதால யாரு பேரும் போடல, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: எங்க யுனிவர்சிட்டில நீங்க சொன்ன மாதிரியே ஒரு மையம் தொடங்கப் பேச்சு நடக்கு. திட்ட அறிக்கை எழுதுற வேலை என் தலையில விழுந்திருக்கு. முதல் மீட்டிங்லயே ஸ்டுடியோ எத்தன சதுர அடின்னு ஆரம்பிச்சுட்டாங்க. நான் எங்கேருந்து தொடங்கட்டும் அண்ணாச்சி? (பேராசிரியர், பாளையங்கோட்டை)

சார், உங்க மீட்டிங்ல நானும் ஓரமா உக்காந்திருந்த மாதிரியே இருக்கு. நான் ரிப்போர்ட்டரா இருந்த காலத்துல ஒரு காலேஜ்ல ரெண்டு கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டாங்க. ஸ்டுடியோன்னா அப்படி ஒரு ஸ்டுடியோ, சுவரு பூரா முட்டை அட்டை மாதிரி கறுப்பு ஸ்பாஞ்சு, ரெண்டு ஏசி, மூணு கேமரா வாங்கியிருக்கோம்னு பெருமையாச் சொன்னாங்க. கேமராவ எடுங்க பிள்ளைகளுக்குக் காட்டுவோம்னு கேட்டா பீரோவுல இருக்கு, சாவி ஒரு சார்கிட்ட இருக்கு, அவரு இன்னைக்கு லீவுன்னாங்க. அடுத்த வாரம் போனேன், சாரும் வந்திருந்தாரு சாவியும் வந்துச்சு, தொறந்து பாத்தா பேட்டரி மூணும் உப்பிப்போய் அப்பம் மாதிரி இருக்கு. வாங்கினதுலேருந்து ஒருத்தரும் சார்ஜ் போடல. யாரு போடணும்ங்கிறது எந்தத் தாள்லயும் இல்ல.

அதனால அறிக்கையோட முதல் பக்கத்துல சதுர அடி வேண்டாம் சார். நம்ம பக்கத்து ஜனங்களுக்கு எந்த விஷயம் போய்ச் சேரல, எங்க வந்து நின்னு போகுது, இத எழுதுங்க. உதாரணத்துக்கு தண்ணி தொறக்கறதையே எடுத்துக்கோங்க. கார், பிசானம்னு ரெண்டு நெல் சாகுபடிக்கும் பாபநாசம் அணையில தண்ணி தொறந்தாச்சுன்னு பேப்பர்ல மலர்தூவுற போட்டோவோட வந்துரும், ஆனா ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழ கடைமடையில இருக்கிறவனுக்கு வேண்டியது போட்டோ இல்ல, நம்ம மடைக்கு என்னைக்கு வரும், நாத்து போடலாமா வேண்டாமா, அவ்வளவுதான். அத அவன் யாருகிட்டேருந்து தெரிஞ்சுக்கிடுதான்? நீர்ப்பாசன ஆபீஸா, டீக்கடையா, பக்கத்து வயக்காரனா, உரக்கடைக்காரரா? அங்கன போய் உக்காந்து நாப்பது அம்பது பேருகிட்ட பேசிப் பாத்தா தெரிஞ்சுரும். அதுதான் ஆராய்ச்சி. தெரிஞ்சத வச்சு அந்த உரக்கடைக்காரருக்கும் பாசன சங்கத்துக்காரங்களுக்கும் ஒரு நாள் சொல்லிக் குடுத்தா பயிற்சி. தண்ணி தொறக்குற அன்னைக்கு மடை வாரியா தேதி போட்ட ஒரு வாய்ஸ் மெசேஜ் அவங்க மூலமா போச்சுன்னா பொதுச்சேவை. மறுபடியும் போய் அந்த மெசேஜ் வந்துச்சா, நம்புனியளான்னு கேட்டா திரும்ப ஆராய்ச்சி.

மூணும் ஒரே கயிறு சார். ஆனா எல்லா எடத்துலயும் நடக்கறது என்னன்னா ஆராய்ச்சிக்கு ஒரு ரூம், பயிற்சிக்கு ஒரு ரூம், சேவைக்கு ஒரு ரூம், மூணுக்கும் மூணு ஹெட்டு, மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தா வணக்கம் மட்டும் சொல்லிக்கிடுவாங்க. அப்படிப் பிரிக்காம வருஷத்துக்கு ஒரு விஷயம்னு எடுத்து எல்லாரையும் அதுலயே எறக்குங்க.

முன்மாதிரி கேட்டா ரெண்டு சொல்லுதேன், மேல உள்ளவங்களுக்கு இதெல்லாம் வேணும்லா. அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டில வில்பர் ஷ்ராம் 1947ல தகவல் தொடர்பு ஆராய்ச்சிக்குன்னே ஒரு நிறுவனம் தொடங்கினாரு. அங்க உள்ள மாநில யுனிவர்சிட்டிகளுக்கு பாடம் நடத்தறது, ஆராயறது, ஆராஞ்சத ஊருக்குள்ள கொண்டுபோறது மூணும் கடமைன்னு ஒரு பழக்கம் அதுக்கு முன்னமே உண்டு, விவசாய விஷயத்த சம்சாரிங்ககிட்ட கொண்டுபோய்ச் சேக்க 1914லயே சட்டம் போட்டு மத்திய அரசு பணம் குடுத்துச்சு. அடுத்தது நம்ம நாட்டுக் கதை. 1975 ஆகஸ்ட்லேருந்து ஒரு வருஷம், நாசாவோட ஏடிஎஸ்-6 சாட்டிலைட்ட வாங்கி ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு டிவி காட்டினாங்க, சைட்னு பேரு (தமிழ்நாடு அந்த லிஸ்ட்ல கெடையாது). எல்லாரும் சாட்டிலைட்டப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்கு அதுல பிடிச்சது, சில கிராமங்கள்ல ஆராய்ச்சிக்காரங்கள கொண்டுபோய் அங்கயே மாசக்கணக்குல தங்க வச்சாங்க பாருங்க, அதுதான். யாரு டிவி முன்னால உக்காருதா, யாரு தூர நிக்கா, எதுக்கு எந்திரிச்சுப் போறாங்கன்னு கூடவே இருந்து பாத்து எழுதினாங்க. சதுர அடி கேக்குறவங்ககிட்ட இதச் சொல்லுங்க.

கேள்வி: நான் விஸ்காம் ரெண்டாம் வருஷம். இந்த மாதிரி மையம் வந்தா அதுவும் எங்க கோர்ஸ் மாதிரிதானே, ஷார்ட் ஃபிலிம் எடுக்கறதுதானே? (மாணவி, தென்காசி)

இல்லம்மா. ஷார்ட் ஃபிலிம் எடுத்து ப்ரிவ்யூ போட்டு பிரண்ட்ஸ் எல்லாம் கைதட்டினா அங்க உன் வேலை முடிஞ்சிரும். இங்க அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், பாத்தவனுக்கு என்ன புரிஞ்சுச்சுன்னு போய்க் கேக்கணும், நீ நினைச்சது ஒண்ணு அவனுக்குப் புரிஞ்சது ஒண்ணுன்னா திருப்பி எடுக்கணும். எடிட்டிங் கத்துக்கிட்டது வீணாப் போகாது. கூடவே நாலு பேருகிட்ட கூச்சப்படாம கேள்வி கேக்கவும், கேட்டத ஒரு எக்செல்ல ஒழுங்காப் போடவும் கத்துக்கோ. வேலைக்கும் அதுதான் உதவும், ஆஸ்பத்திரிலேருந்து என்ஜிஓ வரைக்கும் எழுதவும் எடுக்கவும் தெரிஞ்ச ஆளு நிறைய வருதாங்க, எண்ணிச் சொல்லத் தெரிஞ்ச ஆளுதான் கெடைக்கல.

கேள்வி: நான் பீடி சுத்துதேன். எங்க தெருவுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை காலேஜ் பிள்ளைங்க ஃபார்ம் தூக்கிட்டு வருதாங்க, என்ன சாப்பிடுதிய, என்ன டிவி பாக்கிய, எவ்வளவு சம்பளம்னு கேட்டு எழுதிட்டுப் போறாங்க. அப்புறம் ஒரு ஆளையும் காணும். அந்தத் தாளெல்லாம் எங்க போகுது அண்ணாச்சி? இன்னொரு மையம் வந்தா இன்னும் நாலு ஃபார்ம் வரும், அவ்வளவுதானே? (கடையம் பக்கம்)

தாயி, இந்தக் கட்டுலேயே நல்ல கேள்வி உங்க கேள்விதான், இதுக்கு நான் பதில் சொல்றதவிட மேல உள்ள பேராசிரியர் சொல்லணும். அந்தத் தாளெல்லாம் ஸ்பைரல் பைண்டிங் ஆகி லைப்ரரில ஒரு அலமாரில இருக்கு, பிள்ளைங்களுக்கு மார்க் வந்துருச்சு, அவ்வளவுதான்.

ஒரு தடவை நானும் அப்படி ஒரு பிள்ளைங்க கூட்டத்தோட போயிருந்தேன், முக்கூடல் பக்கம். ஒரு அக்கா சொளவ மடியில வச்சுக்கிட்டு சுத்திக்கிட்டிருந்தாங்க, இலைய ஒரு கையில சுருட்டி தூளப் போட்டு நுனிய மடக்கி நூலச் சுத்தி அத்து எறியறதுக்குள்ள அடுத்த இலை கைக்கு வந்துருது, கண்ணு அங்க பாக்கவே இல்ல. நம்ம பையன் ஃபார்மப் பாத்து வாசிச்சான்: "தாங்கள் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஊடகங்களை நுகர்கிறீர்கள்?" அந்தக்கா கை நிக்காமலே, "நுகரவா? தூள் நெடி போதாதாலே?"ன்னுச்சு. தெருவே சிரிச்சுருச்சு. பையன் முகம் செத்துப் போச்சு. அப்புறம் நான் சொன்னேன், ஃபார்ம மடிச்சு வை, நேத்து ராத்திரி சாப்பிடும்போது என்ன ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு மட்டும் கேளுன்னு. கேட்டான். அரை மணி நேரம் பேசினாங்க. காலையில சுத்தும்போது ஃபோன்ல பாட்டு, மத்தியானம் சீரியல காதுல மட்டும் கேக்கறது (பாக்க முடியாதுலா, கை ஓடணும்), சாயங்காலம் பீடிக்கடையில தட்டு குடுக்கப் போகும்போதுதான் ஊர் விஷயம் பூரா தெரியும், ரேஷன்ல பருப்பு வந்தது, முதியோர் பென்சன் வந்தது எல்லாம் அங்கனதான்.

பாத்தியளா, ஒரு தெருப் பொம்பளைங்களுக்கு ஒரு தகவல் சேரணும்னா போஸ்டர் பீடிக்கடை வாசல்ல ஒட்டணும், கண்ணுக்குக் குடுக்கறதவிட காதுக்குக் குடுக்கணும். இவ்வளவும் ஒரே கேள்வியில வந்துச்சு. கணக்கெடுக்கறவங்களுக்குப் பொதுவா ஒண்ணு சொல்லுதேன், எவ்வளவு நேரம் பாப்பீங்கன்னு கேட்டா ஆளுங்க வாய்க்கு வந்தத சொல்லுவாங்க, நேத்து என்ன பாத்தீங்கன்னு கேட்டா நடந்தத சொல்லுவாங்க. அதேமாதிரி பகல் பதினொரு மணிக்கு மட்டும் போனா வீட்ல இருக்குற ஆளுதான் கணக்குல வரும், ஊருல ஆம்பளைங்களே இல்லன்னு ஒரு முடிவு வந்து நிக்கும், சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் போகணும்.

உங்க கேள்விக்கு வாரேன். பேராசிரியர் சார், அறிக்கைல ஒரு விதி போடுங்க: எந்தத் தெருவுல ஃபார்ம் நிரப்பினாலும் மூணு மாசத்துக்குள்ள அந்தத் தெருவுக்குத் திரும்பப் போய் நீங்க சொன்னதுலேருந்து எங்களுக்கு இது தெரிஞ்சுச்சுன்னு அவங்களுக்குப் புரியுற தமிழ்ல சொல்லணும். சொல்லாதவங்களுக்கு மார்க் கெடையாது, டிகிரியும் கெடையாது. தாயி, அதுக்கு முன்ன யாராவது ஃபார்மோட வந்தா "திரும்ப எப்ப வருவிய?"ன்னு தேதி கேட்டு வாங்கிட்டு அப்புறம் பேசுங்க.

கேள்வி: எனக்கு ஏரல்ல கடை. 2023 டிசம்பர்ல கடையில ஆள் ஒசரத்துக்குத் தண்ணி. ஃபோன் இல்ல, கரண்ட் இல்ல, பாலத்துலயும் போக முடியல. ஆராய்ச்சி மையம் இருந்திருந்தா மட்டும் என்ன பண்ணியிருக்கும்? கோவப்படாம பதில் சொல்லுங்க. (ஏரல்)

கோவப்பட எனக்கு என்ன தகுதி இருக்கு அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில மாடியில இருந்தவன். மழைய மையம் நிறுத்தியிருக்காது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 95 செ.மீ. பெஞ்சுது, ஒரு வருஷ மழைக்கும் மேல ஒரே நாள்ல, அத எந்த ராசாவும் தடுக்க முடியாது. ஆனா மழைக்கும் உங்க கடைக்குள்ள தண்ணி வந்ததுக்கும் நடுவுல சில மணி நேரம் இருந்துச்சுலா, அந்த நேரத்துல உங்களுக்கு என்ன சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்க? நான் பேசறது அத மட்டும்தான்.

வெள்ள நேரத்துல வர்ற அறிவிப்பு எப்பவும் இந்தச் சாயல்லதான் இருக்கும்: "தாமிரபரணி ஆற்றின் கரையோரம் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதுல யாரு கேட்டுக்கிடுதா, எந்தத் தெரு, எத்தன மணிக்குள்ள, எங்க போகணும், ஒண்ணும் இல்ல. கூடவே வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடின்னு ஒரு நம்பரு. கனஅடிய யாரு கண்டா? திருநெல்வேலிக்காரன்கிட்ட போய் குறுக்குத்துறை முருகன் கோயில்ல மண்டபம் முங்கிருச்சுன்னு சொல்லுங்க, சாமிய மேலக்கோயிலுக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு சொல்லுங்க, அவன் எந்திரிச்சுருவான், அதுதான் அவனுக்கு அளவுகோல். அந்த மாதிரி ஏரலுக்கு எது, ஆத்தூருக்கு எது, எந்தப் படித்துறைல எத்தனாவது படி, 1992 வெள்ளத்துல எந்தத் திண்ணை வரைக்கும் வந்துச்சு, இதப் பெருசுங்ககிட்ட கேட்டு ஊருக்கு ஒரு பக்கம் எழுதி வைக்கறது ஒரு மையத்துக்கு ஒரு வருஷ வேலை. எழுதி வச்சுட்டா அடுத்த தடவ அறிவிப்பு எப்படி இருக்கலாம்: "ஏரல்ல ஆத்துப் பக்கத்துத் தெருக்காரங்க எல்லாரும் ராத்திரி எட்டு மணிக்குள்ள ஹைஸ்கூல் கட்டடத்துக்கு வந்துருங்க, சாப்பாடு இருக்கு, ஆடு மாடு கட்ட எடம் இருக்கு, ரேஷன் கார்டும் மாத்திரையும் மறக்காதீங்க." ஆடு மாடு விஷயம் முக்கியம். மாட்ட விட்டுட்டு வரச் சொன்னா நம்ம ஆளு வரமாட்டான், பாதுகாப்பான எடம்னு எத்தன தடவ மைக்ல சொன்னாலும் சரி.

அடுத்தது, ஃபோன் செத்தபிறகு என்ன. டவருக்கு கரண்ட் போனா பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் டீசல், டீசல் வண்டி வர ரோடு இல்லன்னா முடிஞ்சுது. அப்ப வேல செய்யறது மைக் கட்டின ஆட்டோ, கோயில் ஸ்பீக்கர், மாதாகோயில் மணி, பள்ளிவாசல் மைக்கு, அப்புறம் மனுஷன் கால். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு போய் நூத்துக்கணக்கான பேரு மாட்டிக்கிட்டாங்கள்லா, அவங்களுக்கு முதல்ல சோறு வந்தது பக்கத்து ஊர் ஜனங்ககிட்டேருந்துதான், அந்தச் சேதி அந்த ஊருக்கு எப்படிப் போச்சு, யாரு யாருகிட்ட சொன்னாங்க? இதெல்லாம் ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கிடணும், வருஷம் போகப்போக நாம டிவில பாத்ததும் நம்ம கண்ணால பாத்ததும் கலந்து போயிரும்.

இன்னொண்ணு. பாளையங்கோட்டையில காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேல இருக்கு, நமக்கெல்லாம் அதுல பெருமைதான். ஆனா மைக் ஆட்டோ தெருவுல போகும்போது காது கேக்காத ஆளு வீட்டுக்குள்ள என்ன பண்ணுவாரு, கரண்ட் இல்லாத ராத்திரில? தெருவுக்கு ரெண்டு பேரு போய்க் கதவத் தொட்டு கூட்டிட்டு வரணும்னு முன்னாலயே பேரு போட்டு வைக்கணும். இதுக்கு சாட்டிலைட் எல்லாம் வேண்டாம், ஒரு நோட்டு போதும். இவ்வளவு பண்ணியிருந்தா உங்க சரக்குல பாதி தப்பிச்சிருக்குமான்னு கேட்டா, பரணுக்கு ஏத்த நேரம் கெடச்சிருக்கும்னு நினைக்கேன்.

கேள்வி: நான் ரிட்டயர்டு ரேடியோக்காரன். மையத்துக்கு ஒரு கம்யூனிட்டி ரேடியோ கண்டிப்பா வேணும்லா? (வண்ணாரப்பேட்டை)

வேணும், ஆனா எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும். உங்களுக்குத் தெரியாததில்ல, நம்ம திருநெல்வேலி வானொலி மீடியம் வேவ் 1197ல மாவட்டம் தாண்டிப் போகும். கம்யூனிட்டி ரேடியோங்கிறது சுத்துவட்டார ஜனங்களுக்குன்னே நடத்துற சின்ன ரேடியோ, 100 வாட்ஸ், ஆன்டெனா 30 மீட்டர், பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் போனாப் பெருசு. பாளையங்கோட்டையில வச்சா அம்பாசமுத்திரத்துல கேக்காது, ஏரல்லயும் கேக்காது. அண்ணா யுனிவர்சிட்டில 2004ல ஆரம்பிச்ச அண்ணா எஃப்.எம்.தான் நாட்டுலயே முதல் கேம்பஸ் கம்யூனிட்டி ரேடியோ, 2006லேருந்து தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம்னு வந்துச்சு. பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர்லயே தயாரிக்கணும். சொந்தமா நியூஸ் போடக்கூடாது, ஆகாசவாணி நியூஸ அப்படியே எடுத்துப் போடலாம். இதக் கேட்டுட்டு நிறையப்பேரு சோர்ந்து போறாங்க, ஆனா மழை, வெள்ளம், தண்ணி எப்ப வரும், கரண்ட் எப்ப நிக்கும், பரீட்சை ரிசல்ட் இதெல்லாம் நியூஸ் கணக்குல வராது, தாராளமாச் சொல்லலாம். நமக்கு வேண்டியது அதுதானே.

தஞ்சாவூர்ப் பக்கம் அறுபதுகள்ல ஆடுதுறை 27 நெல்லுக்கு சம்சாரிங்க ரேடியோ நெல்லுன்னே பேரு வச்சிருந்தாங்க, ரேடியோவுல கேட்டுத்தான் போட்டாங்கங்கிறதால. அதுக்கு முன்ன 1956ல புனா பக்கம் 150 கிராமத்துல ஆளுங்கள ஒரு எடத்துல கூட்டி ரேடியோ கேக்க வச்சு, கேட்டு முடிச்சதும் அவங்களுக்குள்ள பேச வச்சாங்க. கேக்கறது பாதி, பேசறது பாதி. நீங்க போறதா இருந்தா மைக்க ஸ்டுடியோவுக்குள்ள வைக்காம பீடிக்கடை வாசலுக்குக் கொண்டுபோங்க. நிகழ்ச்சிக்கு வில்லுப்பாட்டு உண்டு, நம்ம சத்திரம் புதுக்குளத்து சுப்பு ஆறுமுகம் ஐயா காந்தி கதையவே வில்லுல சொன்னவரு, கோயில் கொடைக்கு விடிய விடிய உக்காந்து வில்லுப்பாட்டு கேட்ட ஊரு இது, டெங்குவ கேக்கமாட்டாங்களா? பின்னால உக்காந்து "ஆமா" போடறவரு மட்டும் நல்ல ஆளா இருக்கணும்.

கேள்வி: மையத்துக்கு என்ன பேரு வைக்கலாம்? (பேட்டை)

பேர கடைசியா வச்சுக்கிடுங்க. பேருக்குக் கமிட்டி போட்டா அதுலயே ஒரு வருஷம் போயிரும்.

கேள்வி: பேச நல்லாத்தான் இருக்கு. துட்டு யாரு குடுப்பா? (திருச்செந்தூர்)

கட்டடத்துக்கும் மெஷினுக்கும் எங்கேருந்தாவது வந்துரும், ஏன்னா அதுல கல்வெட்டு வைக்கலாம். வராதது மாசாமாசம் ஆகுற செலவுதான். ஃபீல்டுக்குப் போற பிள்ளைகளுக்கு பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, டெக்னீசியன் ஒருத்தருக்குச் சம்பளம், பேட்டரி, கேபிள், திரும்பப் போய்ச் சொல்றதுக்கு இன்னொரு பஸ் காசு. இதுக்கு யாரும் கிராண்ட் குடுக்கமாட்டாங்க, யுனிவர்சிட்டி தன் பட்ஜெட்ல போட்டாத்தான் உண்டு. பயிற்சில கொஞ்சம் வரும். ஆஸ்பத்திரி, பேங்க், கோ-ஆப்பரேட்டிவ், இவங்க ஆளுங்களுக்கு ஜனங்ககிட்ட எப்படிப் பேசறது, நோட்டீஸ் எப்படி எழுதறதுன்னு ரெண்டு நாள் கிளாஸ் எடுத்து ஃபீஸ் வாங்கலாம். விஏஓ, கிராம நர்ஸ், பஞ்சாயத்து கிளார்க் இவங்ககிட்ட வாங்கக்கூடாது, அவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுதான் சேவையே. ரேடியோவுல மணிக்கு 12 நிமிஷம் வரைக்கும் விளம்பரம் போடலாம், நம்ம ஊரு அல்வாக் கடையும் ஜவுளிக்கடையும் குடுப்பாங்க, அத நம்பி பட்ஜெட் போட்டுராதீங்க, தீபாவளி முடிஞ்சா அவங்களும் ஓய்ஞ்சுருவாங்க.

பேராசிரியர் சார், பட்ஜெட் தாள்ல "பேட்டரி சார்ஜ் போடுகிறவர்"னு ஒரு வரி எழுதி, எதிர்ல ஒரு ஆளு பேரும் போடுங்க. பீரோ சாவி ரெண்டு செட்டு இருக்கட்டும்.